பதினைந்துக்குப் பிறகு

"சாப்பிட்டாத்தாண்டா பாவம். நான்தான் சாப்பிடலையே!"

கும்பகோணத்து நண்பன் இதைச் சொன்னது அர்ஜென்டினாவின் கோர்தோபா மாகாணத்தில், ஒரு வேட்டை விடுதியின் சாப்பாட்டு மேசையில். நடுவில் சுட்ட புறாக்கறித் தட்டு. அவன் முன்னால் உருளைக்கிழங்கும் தக்காளியும். பிறவிச் சைவம், கேக்கில் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று விசாரிக்காமல் வாயில் வைக்கமாட்டான். அன்றைக்கு எங்கள் நால்வரில் அதிகப் புறாக்களைச் சுட்டு வீழ்த்தியதும் அவன்தான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ஊர் திரும்பி மாதங்கள் ஓடிவிட்டன, அந்த வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அது தலைகீழ் நியாயம் என்று யாருக்கும் தெரியும். ஆனால் "நான் சாப்பிட்டேன், அதனால் என் கணக்கு நேர்" என்று பதில் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் தட்டில் இருந்தது நாலு புறா. நான் சுட்டது நாலோடு நிற்கவில்லை.

நான் இருப்பது டாலஸ் பக்கம். டெக்சஸின் இந்தப் பகுதியில் செப்டம்பர் 1 வந்தால் அலுவலகத்தில் பல நாற்காலிகள் காலியாகிவிடும். புறா வேட்டைப் பருவம் அன்றுதான் திறக்கிறது. எங்கள் குழுவில் ஒரு டெக்சஸ்காரர் இருக்கிறார். அறுபதை நெருங்குகிறவர், தாத்தா கொடுத்த துப்பாக்கியை இன்னும் எண்ணெய் போட்டு வைத்திருப்பவர். என்னை முதன்முதலில் ஒரு சோளக்கொல்லை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தவர் அவர்தான். அங்கே ஒருவர் ஒரு நாளைக்குப் பதினைந்து புறாவுக்கு மேல் சுடக்கூடாது. விழுந்ததைத் தேடி எடுக்காமல் விட்டுப் போவதும் குற்றம். பதினைந்து ஆனதும் துப்பாக்கியைக் காலி செய்து வண்டியில் வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து இறகு பிய்ப்பார்கள். பிறகு நெஞ்சுக்கறிக்குள் ஹாலப்பீன்யோ மிளகாயைச் செருகி, பேக்கன் என்ற பன்றிக்கறிக் கீற்றைச் சுற்றி, நெருப்பில் வாட்டுவார்கள். சில நாள் காலை பத்து மணிக்குள் பதினைந்தும் முடிந்துவிடும். பல நாள் இரண்டோ மூன்றோடு திரும்புவோம்.

அவருடைய நெடுநாள் ஆசை கோர்தோபா. அமெரிக்கப் புறா வேட்டைக்காரர்களுக்கு அது ஒரு மாதிரித் திருத்தலம். வரம்பு கிடையாது, பருவம் கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில் போவது என்று முடிவானது. "சின்ன வயசுலேருந்து துப்பாக்கி சுடணும்னு ஆசை" என்று கும்பகோணத்தான் சேர்ந்துகொண்டான். நான்காமவர் கேமராக்காரர். பறவை பார்ப்பதற்காகவே சம்பாதிப்பவர், வேட்டை என்றால் முகம் சுளிப்பவர். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: வேட்டை முடிந்ததும் அதே மாகாணத்தில் இருக்கும் மார் சிக்கித்தா என்ற உப்பு ஏரிக்குப் போகவேண்டும், அங்கே அவர் எழுப்பும்போது எல்லாரும் எழுந்திருக்கவேண்டும். ஒப்புக்கொண்டோம். புவனோஸ் ஐரிஸில் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அத்தனை புறா எங்கிருந்து வந்தது

அங்கே சுடப்படுவது காதுப்புறா. உள்ளூரில் தோர்காசா என்கிறார்கள். நம் தவிட்டுப்புறா அளவுதான் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் காதோரம் ஒரு கருங்கீற்று. கோர்தோபாவின் வடக்கே ஒரு காலத்தில் முள்மரக் காடு பரந்து கிடந்தது. அதில் பெரும்பகுதியை வெட்டிச் சோளமும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும் கோதுமையும் பிறகு சோயாவும் போட்டார்கள். காடு முழுசாகப் போயிருந்தால் புறாவும் போயிருக்கும். துண்டு துண்டாக மிச்சம் இருந்ததுதான் அதற்கு வசதியாகிவிட்டது. இரவு தங்கவும் கூடு கட்டவும் முள்மரத் தோப்பு. விடிந்ததும் பறந்துபோய் இறங்கக் கண்ணுக்கெட்டிய தூரம் தானியம். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை. இரை தீராதவரை ஒரே ஆண்டில் ஈட்டுக்கு மேல் ஈடு போடும். கோர்தோபா பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் என்ரிக்கே பூச்சர் இந்தப் புறாக்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அவருடைய பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

விவசாயிக்கு இது கொள்ளை நோய் மாதிரிதான். முற்றிய கதிரைத் தின்னும். முளைத்து வரும் சோயாவின் வித்திலையைக் கிள்ளும். முன்பெல்லாம் விஷம் வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை அசையவில்லை. வயலில் விஷம் என்பது எங்கே போய் முடியும் என்பதற்கு அந்தச் சமவெளியிலேயே ஒரு கதை உண்டு. 1995-96 கோடையில் வெட்டுக்கிளியை ஒழிக்க மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். வெட்டுக்கிளியைத் தின்பதற்காக வட அமெரிக்காவிலிருந்து அங்கே வந்து சேரும் ஸ்வைன்சன் பருந்துகள் செத்து விழுந்தன. ஏறக்குறைய இருபதாயிரம் என்பது மதிப்பீடு. எங்கள் ஊரில் பருத்திக்கு அடித்த அதே "மோனோ"தான். அந்த டப்பாவை வீட்டுப் பரணில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பருந்துகள் இலையுதிர் காலத்தில் டெக்சஸ் வழியாகத்தான் தெற்கே போகின்றன. அர்ஜென்டினா பின்னர் அந்த மருந்தைத் தடைசெய்தது. ஆகவே, விஷத்தைவிடத் துப்பாக்கி மேல் என்று விடுதிக்காரர் சொன்னபோது நான் தலையாட்டினேன். இப்போதும் அதில் மாற்றமில்லை.

ஆனால் அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "எவ்வளவு சுட்டாலும் குறையாது, கவலைப்படாதீர்கள்." இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றாக நிற்குமா என்று அப்போது தோன்றவில்லை, விமானத்தில் திரும்பும்போதுதான் தோன்றியது. சுட்டுக் குறையாது என்றால் பயிரும் காப்பாற்றப்படவில்லை. பயிர் காப்பாற்றப்படுகிறது என்றால் குறைகிறது. வேட்டைக்காரன் மனசுக்குத் தேவைப்படும்போது ஒன்று, விவசாயியை மேற்கோள் காட்டத் தேவைப்படும்போது மற்றொன்று.

கிளிக்

முதல் நாள் விடியலில் தோப்போரம் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினார்கள். நவம்பர் அங்கே கோடையின் வாசல். ஏழு மணிக்கே சட்டை நனைந்தது. முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ணுவதற்கு இடமே தராமல் தோப்பிலிருந்து புறாக்கள் வந்துகொண்டே இருந்தன. கூட்டம் என்று சொன்னால் ஒரு முனையும் இன்னொரு முனையும் இருப்பதாக அர்த்தமாகிவிடும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. டெக்சஸில் ஒரு புறா வரும்போது தூரத்திலேயே கண்ணில் பட்டு, மூச்சைப் பிடித்து, வரட்டும் வரட்டும் என்று காத்திருப்போம். இங்கே எதைக் குறிவைப்பது என்று யோசிப்பதற்குள் அது போய் வேறொன்று அந்த இடத்தில் இருந்தது.

ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் உதவியாள். விடுதிக்காரர்கள் வாயில் "பேர்ட் பாய்". என் பக்கத்தில் நின்ற "பாய்"க்கு என்னைவிட வயது கூட, முன்தலை நரைத்தவர். அவரை நான் அண்ணன் என்றுதான் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன். துப்பாக்கியில் தோட்டா நிரப்புவது, தண்ணீர் தருவது, "அர்ரீபா" என்று மேலே கைகாட்டுவது, விழுந்ததை ஓரளவுக்குப் பொறுக்கிக் குவிப்பது எல்லாம் அவர் வேலை. இடது கையில் ஒரு சின்ன எண்ணுங்கருவி, பேருந்து நிலையத்தில் ஆள் கணக்கெடுப்பவர்கள் வைத்திருக்கும் வகை. ஒரு புறா விழுந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. கிளிக்.

முதல் பெட்டித் தோட்டா தீரும்வரை நான் அதைக் கவனிக்கவில்லை. காதில் அடைப்பான், தோளில் உதை, கண்ணுக்கு வானம் மட்டும். இரண்டாவது பெட்டியில், ரொம்ப உயரத்தில் போன ஒரு புறாவைச் சுட்டேன். அது சிறகடிப்பைக்கூட மாற்றிக்கொள்ளாமல் தோப்பைத் தாண்டிப் போனது. தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தேன். அண்ணனின் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். சிரித்துக்கொண்டே "பியென், பியென்" என்றார், நல்லது நல்லது என்று. ஒருவேளை பின்னால் எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததை வேண்டுமென்றே, புறாவுக்கு நாலு முழம் பின்னால், வெற்று வானத்தில் சுட்டேன். கட்டைவிரல் அசைந்தது. இன்னொன்று. அதற்கும் அசைந்தது.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு இந்த ஏற்பாடு மெல்ல விளங்கியது. இரவு விடுதிக் கூடத்தில் ஒரு கரும்பலகை. அதில் விருந்தாளிகளின் பெயரும் அன்றைய எண்ணும் எழுதுவார்கள். எண் பெரிதாக இருந்தால் விருந்தாளி சந்தோஷப்படுவான். சந்தோஷப்பட்டால் கடைசி நாள் உறையில் வைக்கும் பணமும் பெரிதாகும். யாரும் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கத் தேவையில்லை. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று இலையில் வைக்கும் கைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அந்த எண் எனக்குச் செய்யப்பட்ட உபசாரம். அதில் புறாவுக்குச் சம்பந்தமில்லை. அன்றிரவு பலகையில் கும்பகோணத்தான் பெயர் முதலில் இருந்தது; அவன் பலகையோடு படம் எடுத்துக்கொண்டான். அதில் எத்தனை நிஜம், எத்தனை அவன் உதவியாளின் கட்டைவிரல் என்று கேட்டு அவன் இரவைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று காலையே நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். கருணை பொங்கி அல்ல. பொய்யாக எண்ணப்படுகிற ஒரு விளையாட்டில் நான் ஏன் தோளைப் புண்ணாக்கிக்கொள்ளவேண்டும் என்ற எரிச்சல். சுடுவதை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. துப்பாக்கி சரியில்லையா என்று சைகையில் கேட்டார். எடுத்துத் துடைத்துப் பார்த்தார். வேறு துப்பாக்கி கொண்டுவரட்டுமா என்றார். நிழல் போதவில்லையோ என்று கிளையை ஒடித்துச் செருகினார். விருந்தாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் அது தன் மேல் வரும் என்று பயந்தார். தோள் வலி என்று காட்டினேன். காலரை விலக்கினால் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது, அது நல்ல சாட்சி. அப்புறம்தான் அவர் ஆசுவாசமாகி, மாத்தே என்ற அந்த ஊர் மூலிகைத் தேநீரைப் போட்டு, உறிஞ்சும் குழலைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

கைபேசியின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். 2020 மார்ச்சில் அர்ஜென்டினா எல்லையை மூடியது; வெளிநாட்டுப் பயணிகளுக்கு மறுபடி முழுசாகத் திறந்தது 2021 நவம்பரில். அந்த இடைக்காலத்தில் இந்தத் தோப்பில் துப்பாக்கிச் சத்தமே இல்லை, வருமானமும் இல்லை என்றார். நான் சுடாமல் உட்கார்ந்திருப்பது புறாவுக்கு நல்லது என்று வைத்துக்கொண்டால், அதன் விலையை நான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்திருப்பார். கடைசி நாள் உறையை மற்றவர்கள் வைத்த அளவுக்கே வைத்தேன். ஆனால் சுடாத விருந்தாளிகள் நிறைய வந்தால் அந்த உறைக்கே இடமிருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

தோட்டாவும் கறியும்

விடுதிக் கட்டணத்தில் அறை, சாப்பாடு, ஒயின் எல்லாம் அடங்கும். தோட்டா அடங்காது. அது பெட்டிக்கு இருபத்தைந்து தோட்டா என்ற கணக்கில் தனியாக ஏறும். ஒருவர் ஒரு நாளைக்கு ஆயிரம் தோட்டா சுடுவது அங்கே பெரிய விஷயமில்லை. 20 கேஜ் (குழல் அளவு) தோட்டா ஒன்றில் சுமார் 25 கிராம் ஈய ரவை. ஆயிரம் தோட்டா என்றால் 25 கிலோ. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு சிப்பம் அரிசி எடையில் ஈயத்தை அந்த மண்ணில் தூவிவிட்டு வருகிறான். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991இலேயே தடை செய்துவிட்டார்கள். புறாவுக்கு இன்னும் டெக்சஸிலும் ஈயம்தான், ஆகவே எங்கள் ஊரைப் பெரிதாகப் புகழ நான் வரவில்லை. ஆனால் பதினைந்து புறாவுக்குத் தேவைப்படும் ஈயமும் இதுவும் ஒன்றல்ல.

கறி எங்கே போகிறது என்று கேட்டேன். கொஞ்சம் விடுதிச் சமையலறைக்கு. கொஞ்சம் வேலையாட்கள் வீட்டுக்கு. மிச்சம் வயலிலேயே. நாங்கள் கிளம்பும் முன்பே காரகாராப் பருந்துகள் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டன. அவற்றுக்கு எங்கள் நேர அட்டவணை அத்துபடி. ரவையோடு சேர்த்துத்தான் அவை தின்னும்.

நான் வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். மடையானும் உள்ளானும் பிடித்துக்கொண்டு வந்து விற்பவர்களை எனக்குத் தெரியும். அது சட்டவிரோதம் என்பதும் தெரிந்தேதான் தெருவில் வாங்குவார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் எங்கள் தெருவுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதை நான் அழகாக்கிச் சொல்லப்போவதில்லை. வலையில் மாட்டிய பறவையின் கண்ணைத் தைத்து மற்றதை ஈர்க்க வைப்பதெல்லாம் பார்க்கச் சகிக்காத காரியம். ஆனால் அங்கே எதுவும் மிஞ்சாது. பிடித்தவனுக்கு அரிசி, வாங்கியவனுக்குக் குழம்பு, அதோடு முடிந்தது. கோர்தோபாவில் கறி என்பது சுட்டதற்குப் பிறகு யோசிக்கவேண்டிய ஒரு தொல்லை. கும்பகோணத்தான் சொன்னதில் இருந்த உறுத்தல் இங்கேதான் பிடிபடுகிறது. அந்த வயலில் நிற்கும் எல்லாருமே நடைமுறையில் சைவம். அவன் மட்டும்தான் அதை வாய்விட்டுச் சொன்னான்.

இதை டெக்சஸ்காரரிடம் இப்படியே சொல்லவில்லை. முற்றத்தில் ஃபெர்னெட்டையும் கோலாவையும் கலந்து குடித்துக்கொண்டிருந்தோம் (கோர்தோபாக்காரர்களின் ஊர்ப் பானம்; இருமல் மருந்துபோல் இருக்கிறது, மூன்றாவது வாய்க்குப் பிறகு பழகிவிடுகிறது). அவருடைய எண்ணும் பலகையில் பெரிதாகவே இருந்தது. சந்தோஷமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்றைக்குப் பதினைந்தாவது புறா எது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் ஒவ்வொரு தடவையும் தெரியும்" என்றார். பிறகு, இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் தோளைக் குலுக்கினார். மறுநாள் விடியலில் எல்லாருக்கும் முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

உப்பு ஏரியில்

மார் சிக்கித்தா கோர்தோபா நகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆறுகள் வந்து சேரும், வெளியே போக வழி கிடையாது, அதனால் உப்பு. மழை கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். 1970களின் கடைசியில் விரிந்தபோது கரையிலிருந்த மிராமார் ஊரில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போனது. உப்பில் செத்த மரங்கள் இன்னும் வெள்ளையாகத் தண்ணீரில் நிற்கின்றன. கரையில் கைவிடப்பட்ட பழைய ஓட்டல் ஒன்றைச் சுற்றி நாஜிக் கதைகள் சுற்றுகின்றன. கேமராக்காரர் எங்களை அதற்குள் நுழையவே விடவில்லை, வெளிச்சம் போய்விடுமாம். 2022இல் ஏரியையும் வடக்கே துல்சே ஆற்றுச் சதுப்பையும் சேர்த்து அன்செனூசா தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

மூன்று வகைப் பூநாரைகள் அங்கே உண்டு. ஆண்டிஸ் உயரங்களிலிருந்து இரண்டு வகை குளிர்காலத்தில் இறங்கி வரும்; நாங்கள் போன நவம்பரில் சிலிப் பூநாரை மட்டும்தான். கோடியக்கரையில் பார்த்த பழக்கத்தில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. என்னை நிறுத்தியது அதைவிடச் சின்னது: வில்சன் ஃபாலரோப். கையளவுப் பறவை. வட அமெரிக்காவில் முட்டையிட்டு, யூட்டாவின் பெரும் உப்பு ஏரி போன்ற இடங்களில் உடம்பு எடையைப் பெருக்கிக்கொண்டு, அங்கிருந்து தென் அமெரிக்காவுக்கு வருகிறது. நல்ல ஆண்டுகளில் மார் சிக்கித்தாவில் லட்சக்கணக்கில் கூடும். தண்ணீரில் உட்கார்ந்த இடத்திலேயே சுழன்று சுழன்று, அடியிலிருக்கும் இரையை மேலே இழுத்துக் கொத்தும். அத்தனையும் ஒரே சமயத்தில் சுழன்றன. நேற்றுவரை காதடைப்பானோடு கத்திப் பேசிக்கொண்டிருந்த மூன்று ஆட்களும் குசுகுசுவென்று பேசினோம்.

கும்பகோணத்தான் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை இருக்கும்?"

எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் சட்டைப்பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே எண்ணுங்கருவி. அதுவரை என் கோபமெல்லாம் அந்தப் பொருளின் மேல் இருந்தது. எண்ணுவதுதான் வேட்டையைக் கெடுத்தது என்று எனக்குள் ஒரு தீர்ப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் முறையைச் சொல்லிக்கொடுத்தார்: நூறு பறவையை ஒன்றொன்றாக எண்ணு, அந்த நூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள், பிறகு அப்படி எத்தனை கட்டம் என்று பார். கட்டத்துக்கு ஓர் அழுத்து. நடுவில் ஒரு வேட்டைப் பருந்து மேலே வந்தது. மொத்தமும் எழுந்து, வளைந்து, வேறிடத்தில் இறங்கியது. அவர் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கும்பகோணத்தான் பைனாகுலரை வாங்கிக்கொண்டு அவரோடு போட்டி போட்டு எண்ண ஆரம்பித்தான். மதியச் சாப்பாட்டுக்கு அவனை இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. கடைசியில் அவன் சொன்ன எண்ணும் அவர் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. "என்னோடது தப்பு" என்று அவனே அடித்துவிட்டான். கரும்பலகையில் இடம்பிடித்தவன்.

திரும்பி வரும் வழியில் கேமராக்காரர் ஒன்று சொன்னார். இந்த ஏரியையும் ஆராய்ந்து தொகுத்தவர் அதே பூச்சர். 1992இல் அவர் இன்னொரு கட்டுரையும் எழுதினார், வட அமெரிக்காவின் பயணிப் புறா ஏன் அழிந்தது என்று. ஒரு காலத்தில் முந்நூறு கோடிக்கும் மேல் இருந்ததாகக் கணக்கிடப்படும் பறவை அது; வானம் மறைந்தது, பகல் இருண்டது என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். காட்டை வெட்டினார்கள், கூடு கட்டிய இடத்திலெல்லாம் புகுந்து சுட்டார்கள். கடைசிப் பறவை மார்த்தா, சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் செத்தது. தேதி 1914 செப்டம்பர் 1.

"முதல் தேதியா?" என்று டெக்சஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. காதுப்புறா பயணிப் புறா மாதிரி இல்லை, அது உழவனின் தானியத்தில் வாழ்வது, அவ்வளவு சுலபமாகப் போகாது என்று கேமராக்காரரே சமாதானமும் சொன்னார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். கோர்தோபாவின் புறாக்கள் எங்கள் தோட்டாவால் தீர்ந்துபோகும் என்று நான் எழுதவில்லை.

டெக்சஸின் பதினைந்தும் புறாவுக்காக மட்டும் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. டெக்சஸிலும் சுடப்படும் அழுகைப்புறா அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி சுடப்படுகிறது, அந்தப் பறவை இன்னும் கோடிக்கணக்கில் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் பறவையை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் பதினைந்து என்று ஒன்று இருப்பதால்தான் பன்னிரண்டாவதற்கு நிதானம் வருகிறது, எட்டமுடியாத உயரத்தில் போவதை விட்டுவிடுகிறோம், விழுந்ததைப் புதருக்குள் அரைமணி நேரம் தேடுகிறோம், பக்கத்தில் நிற்பவன் கட்டைவிரலைச் சந்தேகிக்கவேண்டிய நிலை வருவதில்லை. பறவைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் சுடுகிறவனுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது என் கட்சி. கோர்தோபா மாகாணம் நாளைக்கே நாளொன்றுக்கு ஐம்பது என்று வைத்தால் விடுதிகள் பாதி மூடும், அண்ணனுக்கு வேலை போகும் என்று டெக்சஸ்காரர் வாதாடுகிறார். போகலாம். ஆயிரத்துக்கு வரும் ஆட்கள் வேறு, ஐம்பதுக்கு வரும் ஆட்கள் வேறு. இரண்டாவது வகை இருக்கிறார்களா என்று யாரும் முயன்றே பார்க்கவில்லை என்பது என் பதில். அலுவலக மதியச் சாப்பாட்டில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வரும் செப்டம்பருக்கு டெக்சஸின் அபிலீன் ஊர்ப் பக்கம் ஒரு வயல் பேசியிருக்கிறார் டெக்சஸ்காரர். நான் போகிறேன். அந்த இரண்டு உயர்மலைப் பூநாரைகளுக்காகக் கேமராக்காரர் ஜூலையில் மறுபடி மிராமாருக்குப் போகத் திட்டமிடுகிறார். எனக்கு விடுப்பு இல்லை. கும்பகோணத்தான் உடனே பெயர் கொடுத்துவிட்டான், சொந்தமாக ஒரு பைனாகுலரும் வாங்கியாயிற்று. "விடுதி வழியிலதானே இருக்கு, ரெண்டு நாள் அங்கயும் போய்ட்டு வரலாமே" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறான். கேமராக்காரர் பார்த்துவிட்டார், நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.